வண்டிப்பாதையில் ரிவர்ஸ் கியர்

சாலையே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டிப் பழக வேண்டும் என்றால் மயிலாப்பூரை விட்டு வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து பள்ளம், மேடு, சேறு, இரும்புத் தகடு, நேற்று இருந்து இன்று காணாமல்போன திருப்பம் என்று எல்லாப் பயிற்சியும் லஸ் முனையைச் சுற்றியே கிடைக்கிறது. கட்டணமும் இல்லை. இருந்தும் பொங்கல் கழிந்த ஒரு வார இறுதியில், என் அறுபத்தொன்பதாம் வயதில், மதுராந்தகத்துக்கு அப்பால் வயல்வெளிகளுக்குள் ஜீப் ஓட்டிவிட்டு வந்தேன். காரணம் ஒரு தூண்.

அந்தத் தூண் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் அடித்தள வாகன நிறுத்தத்தில் இருக்கிறது. தெற்கத்திக் குடும்பம் ஒன்று நடத்தும் கடை. பட்டில் குறை சொல்ல முடியாது, தூணில் சொல்லலாம். இரண்டு தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும், அந்தத் தூணுக்குத் தெரியவில்லை. நான் காரைப் பின்னால் எடுத்தபோது அது நகராமல் அங்கேயே நின்றது. பின்விளக்கும் பம்பரும் போயின. பக்கத்து இருக்கையில் என் மனைவி பத்மா இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் மகள் கயல்விழி அன்று மாலையே அடையாற்றிலிருந்து அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, கார்ச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வங்கியில் மேலாளராக இருப்பவள். பறிமுதல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

பத்மாவுக்குப் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அடையாற்றில் பிசியோதெரபி. வாடகைக் காரில் போகலாம்தான். ஆனால் காரில் ஏறுவது அவளுக்கு ஒரு முழு நடைமுறை. கதவை அகலத் திறந்து, வெளியே பார்த்தபடி முதலில் உட்கார வேண்டும். பிறகு வலது காலை உள்ளே வைத்துத் திரும்ப வேண்டும். அதன்பின் இடது காலை நான் தூக்கி வைக்க வேண்டும். கடைசியாகப் புடவைத் தலைப்பு. வாடகைக் கார் ஓட்டுநர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரக்காரர்கள். பின்னாலிருந்து எவனாவது ஹாரன் அடித்தால் வண்டியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். அந்தக் கொஞ்சத்தில் பத்மா என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் வீடு திரும்பியதும், இனிமேல் போக வேண்டாம், பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்றாள். வீட்டிலேயே என்றால் செய்யப்போவதில்லை என்று பொருள்.

எனக்கு அந்தச் சாவி திரும்ப வேண்டியிருந்தது. நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த உத்தரவுக்கும் மேல்முறையீடு உண்டு என்பதை நம்பியே ஒரு பணிக்காலத்தைக் கழித்தவன்.

மேல்முறையீட்டுக்கான இடம் சிந்தாதிரிப்பேட்டையில் கிடைத்தது. பம்பரைச் சரிசெய்ய இம்தியாஸ் பாயின் பட்டறைக்குப் போனோம். கயல் ஓட்டினாள், நான் பக்கத்தில் சாமானைப்போல உட்கார்ந்து போனேன். இம்தியாஸுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் உருது, கடையில் தமிழ், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப். ஆற்றுக்குள் பாதி முங்கிய ஜீப்புகளின் படங்கள் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. தூணைப் பற்றி நானும் மகளும் வாதாடியதை அவர் பம்பரைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தூரம் கணிக்கும் திறன் எனக்குப் போய்விட்டது என்பது அவள் கட்சி. போகவில்லை என்பது என்னுடையது.

"இதுக்கு ஏன் மேடம் சண்ட? டெஸ்ட் வெச்சிட்டா முடிஞ்சிச்சி," என்றார் இம்தியாஸ். "புதுசா கத்துக்க வர்றவங்கள வெச்சிக்கினு நாங்க ஒரு டிரைவ் போறோம். கழனி ஓரம், ஏரிக்கரை, கொஞ்சூண்டு சேறு. ரொம்ப ஈஸி. ஆனா டயரு எங்க கீதுன்னு தெரியாதவன் அதுல முடிக்க முடியாது. என் பழைய ஜீப்ப சாருக்குத் தர்றேன். நீங்க பக்கத்துல குந்திக்கினு பாருங்க."

பட்டறை வாசலிலேயே ஒப்பந்தம் பேசி முடித்தோம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஸ்டீயரிங் என் கையை விட்டு வேறு கைக்குப் போகக் கூடாது. போகாவிட்டால் சாவி எனக்கு. ஒரே ஒரு தடவை போனாலும் நான் காரைப் பற்றி இனிப் பேசக் கூடாது. கயல் சரி என்றாள். நான் தோற்பேன் என்று நினைத்ததால்தான் அவ்வளவு சுருக்கமாகச் சரி என்றாள்.

பத்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து சேர்ந்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். எந்த வழியாக எந்த ஊருக்குப் போனோம் என்று எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே ஊர்வலமாகக் கிளம்பிவிடுவார்கள் என்று இம்தியாஸ் கேட்டுக்கொண்டார். மதுராந்தகத்துக்கு அப்பால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பொங்கலும் வடையும். பொங்கலில் நெய் இருந்தது, முந்திரி வதந்தியாக இருந்தது. அங்கேதான் மற்றவர்களைப் பார்த்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்யும் இளம் கணவன் மனைவி ஒரு புது வண்டியோடு வந்திருந்தார்கள். வண்டி வாங்கிய அன்று போட்ட பூமாலைகூட இன்னும் முகப்பில் வாடிக்கொண்டிருந்தது. இன்னும் சில வண்டிகள். எல்லாருக்கும் முன்னால் இம்தியாஸ், எல்லாருக்கும் பின்னால் அவர் தம்பி ரியாஸ். நான் ரியாஸுக்கு முந்தைய இடத்தில்.

ஏன் அந்த இடம் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. அண்ணன் தம்பியிடம் உருதுவில் சொன்னார். ராயப்பேட்டையில் வளர்ந்தவன் நான், அந்த மொழி பேச வராது, கேட்டால் புரியும். அவர் சொன்னது இது: தாத்தாவுக்கும் உனக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடு, எப்போது பிரேக் பிடிப்பார் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் வடையைத் தின்று முடித்துக் கை கழுவினேன். சில தகவல்களைக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும், நடவடிக்கை வேண்டியதில்லை.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தி இம்தியாஸ் விதிகளைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், என் அலுவலகத்தில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சுற்றறிக்கை எழுதியதில்லை. டயர்களில் பாதிக் காற்றை இறக்க வேண்டும், அப்போதுதான் மெத்தென்று மண்ணைப் பிடிக்கும். ஸ்டீயரிங் வளையத்துக்குள் கட்டைவிரலை விடக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று விரலை உடைத்துவிடும். சேற்றில் மாட்டினால் ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது, காலைத் தூக்க வேண்டும். கடைசியாக, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பின்னால் வரும் வண்டி தன்னைப் பார்க்கும்வரை முன்வண்டி காத்திருக்க வேண்டும். தனியாகிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், யாராவது திரும்பி வருவார்கள். இதை ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். நான் பிழையில்லாமல் சொன்னேன். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

அன்று முழுவதும் ஓட்டினேன். உண்மையாகவே சுலபமான பாதை. ஒரு பக்கம் வேர்க்கடலை, மறுபக்கம் கரும்பு, நடுவில் வண்டி அகலத்துக்கு மண் தடம். நடுநடுவே ஒரு வாய்க்காலில் இறங்கி ஏறல். இம்தியாஸின் ஜீப் எனக்குப் பிடித்துப்போனது. அதில் தேவையற்ற பொருள் எதுவும் இல்லை, தேவையானவற்றிலும் சில இல்லை. முதல் கியரில் போட்டுவிட்டால் ஓய்வுபெற்றவன் நடக்கும் வேகத்தில் தானே போகும். ஒரு கிராமத்துக்குள் தார்ச்சாலையைக் கடந்தோம். சாலை முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வயலில் வண்டி ஓடுகிறது, சாலையில் நெல் காய்கிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

கயலின் பார்வை என்மேல் இருந்ததா டயர்மேல் இருந்ததா என்று தெரியவில்லை. ஓர் ஏரிக்கரையில் ஏறும் இடத்தில் மட்டும் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஏறிய பிறகு விட்டுவிட்டாள். விட்டதை நான் கவனித்தேன்.

மதியம் ஒரு பம்புசெட் கொட்டகைக்கு அருகில் சாப்பாடு. வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு மட்டும் தக்காளி சாதம். இறைச்சி படாத பாத்திரத்தில் அம்மா தனியாகச் செய்தது என்று ரியாஸ் சத்தியம் செய்தார். கேட்காமலே செய்யப்படும் சத்தியத்தை நான் பொதுவாக நம்புவதில்லை. இதை நம்பினேன், ஏனென்றால் உப்பு சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் முட்டைகூட வராது, என் மகளோ அங்கே இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டாள். நான் வாய்க்கால் பக்கம் பார்த்தேன்.

இரவு தங்கியது இம்தியாஸின் நண்பருடைய தோட்டத்து வீட்டில். பத்மாவுக்குப் போன் செய்தேன். நாள் முழுக்க ஒன்றிலும் இடிக்கவில்லை என்றேன். "அங்க தூண் எதுவும் இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்குப் பேச்சில் கொஞ்சம் இழுவை வந்துவிட்டதே தவிர, குறி தவறுவதில்லை.

தூங்குவதற்கு முன் அந்த ஊரின் புலப்படங்களைக் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். எந்த நிலம் எங்கே முடிகிறது, பாதை எங்கே, வாய்க்கால் எங்கே என்று அளந்து வரைந்த அரசு வரைபடங்கள் அவை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரும்பாலானோர் வழக்குப் போடும்போதுதான் பார்ப்பார்கள். நான் பழைய பாட்டுக் கேட்பதுபோலப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. மதியத்துக்குள் இன்னொரு ஏரிக்கரையைச் சேர்ந்துவிட்டால் பயணம் முடிந்தது. சாவி ஏறக்குறைய என் சட்டைப் பையில். அப்போது ரியாஸின் டயரில் முள் ஏறியது. நீங்க போங்க சார், மாத்திட்டு வந்துர்றேன் என்றார். நான் போனேன். மற்ற வண்டிகளோடு பேச எங்களுக்குத் தந்திருந்த வாக்கிடாக்கி இரவு முழுக்க அணைக்கப்படாமல் கிடந்து உயிரை விட்டிருந்தது. முன்னால் போன மாலை போட்ட வண்டி ஒரு சவுக்குத் தோப்பைச் சுற்றி மறைந்தது. நான் தோப்பைச் சுற்றி வந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. காத்திருக்க வேண்டிய வண்டி காத்திருக்கவில்லை.

"நிறுத்துங்கப்பா. நின்ன எடத்துலயே நிக்கணும்னுதானே சொன்னாரு," என்றாள் கயல்.

விதி அதுதான். ஆனால் அதைவிடப் பெரிய விதி என் கையில் இருந்தது. வலது பக்கத் தடம் புலப்படத்திலேயே கிடையாது, யாரோ வசதிக்காக ஓட்டி ஓட்டி உண்டாக்கியது. இடது பக்கத் தடமோ அரசு வண்டிப்பாதை. அகலம் குறித்து, கல் நட்டு, நேராக ஏரிக்கரைக்குப் போவது. அதை மகளுக்கு விளக்கினேன். இந்தப் பாதை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம் என்றேன். அவள் வலது தடத்தில் புதிதாக இருந்த டயர் அச்சுகளைக் காட்டினாள். தவறான பாதையில் பலர் போவதால் அது சரியாகிவிடாது என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திருப்பினேன்.

புலப்படம் பொய் சொல்லவில்லை. பாதை நேராகவே போனது. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது போட்ட வயல். வண்டிப்பாதை வரவர வரப்பைப்போல ஒடுங்கியது. தொலைவில் ஏரிக்கரைமேல் எங்கள் வண்டிகள் வரிசையாக நிற்பதுகூடத் தெரிந்தது. எனக்கும் அவற்றுக்கும் நடுவில், பாதையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு, கண்ணைக் கூசும் பச்சையில் ஒரு நாற்றங்கால். முன்சக்கரங்கள் அதைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். தூரத்தைச் சரியாகக் கணித்து நிறுத்தியதைக் கயல் கவனித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்ப அங்கே இடமே இல்லை.

வயலின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் மொபெட்டில் வந்தார். சேலைக்கு மேல் ஆண் சட்டை, காதில் செல்போன். போனைப் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார், வழி தப்பிட்டீங்களா?"

இது வண்டிப்பாதை, ஏரிக்கரை வரைக்கும் போகிறது என்று படத்தைக் காட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பாததான், யாரு இல்லன்றது? மாட்டுவண்டியோட போச்சு. இப்போ டிராக்டர் எல்லாம் அந்தாண்டதான் போவுது. சும்மா கெடக்குற எடமாச்சேன்னு நாத்து உட்டுக்கினேன்." நாற்றங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஏத்திக்கினு போறதுன்னா போ சார். சட்டம் உன் பக்கம் கீது. ஆனா இத்த நம்பித்தான் இந்த ரெண்டு கழனியும் சேடை ஓட்டி வெச்சிக்கினு கீறேன்."

சட்டம் என் பக்கம் இருப்பதை ஒருவர் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆக்கிரமிப்பு என்றால் முதலில் அறிவிப்பு, பிறகு பதில், பிறகு விசாரணை, பிறகு உத்தரவு. என் அனுபவத்தில் அதற்குள் அந்த நாற்று நடப்பட்டு, அறுவடையாகி, சோறாகிச் செரித்தும் போயிருக்கும். ஆனால் அன்று எனக்கு அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கிளட்சிலிருந்து காலை எடுத்தால் போதும். ஜீப் தன் பாட்டுக்கு ஏறி இறங்கி ஏரிக்கரைக்குப் போய்விடும். என் ஒப்பந்தமும் முடிந்துவிடும். கயல் கைப்பிடியை மறுபடியும் பிடித்திருந்தாள்.

நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

"அவ்ளோ தூரம் பின்னாடியே போவப் போறியா?" என்றார் செல்வி. "இரு சார். என் தம்பி டிராக்டர் ஓட்றவன். ஒரு போன் பண்ணா வந்து எடுத்துக் குட்த்துடுவான்."

கயல் என் பக்கம் திரும்பினாள். கூப்பிடச் சொல்லலாம்பா, இதை ஒப்பந்தத்தில் சேர்க்கமாட்டேன் என்று மெல்லச் சொன்னாள். அவள் அன்போடுதான் சொன்னாள். தோற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சலுகையாகக் கிடைத்த சாவியை ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்துத்தானே எடுக்க வேண்டியிருக்கும்.

"வேண்டாம். நீ இறங்கிப் பின்னாடி நின்னு சொல்லு. நான் எடுக்கிறேன்."

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். நான் கண்ணாடிகளைப் பார்த்தபடி மெதுவாக விட்டேன். ஜீப்பின் கண்ணாடிகள் சிறியவை, ஒன்றில் வாய்க்காலின் ஒரு துண்டு, மற்றதில் வானம். கயல் கையைக் காட்டினாள். கை கண்ணாடியில் வந்தது, போனது. திரும்பிப் பாருங்கப்பா என்றாள். கண்ணாடியைப் பார்த்தே இன்னும் கொஞ்சம் விட்டேன். மறுபடியும், திரும்பிப் பார்த்து ஓட்டுங்க என்றாள். கொஞ்சம் வாய்க்கால் பக்கம் போய்விட்டதாக உணர்ந்து நிறுத்தினேன். அவள் நடந்து வந்து என் ஜன்னல் அருகே நின்றாள்.

"அப்பா, எங்க, பின்னாடி திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். தோளைத் திருப்பினேன், இடுப்பைத் திருப்பினேன். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. வழக்கமாக அங்கேதான் நிற்கும்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"எந்தப் பொங்கல்?"

வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களை இவள் எப்படிக் கேள்வி கேட்பாள் என்று புரிந்தது. தியாகராய நகர்த் தூண் அவள் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும், என் கண்முன்னும் வந்தது. தூரம் கணிக்கும் திறன் எனக்குப் போகவில்லை என்று நான் வாதாடியது உண்மைதான். பார்க்காத தூரத்தை யாராலும் கணிக்க முடியாது என்பதைத்தான் வாதத்தில் சேர்க்கவில்லை.

அங்கேயே பறிமுதல் செய்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பின்சக்கரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, நான் சொல்றத மட்டும் செய்ங்க, நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க என்றாள். மறுபடியும் பின்னால் போனாள். இந்தத் தடவை கைகாட்டவில்லை, வாயால் சொன்னாள். இடது. நேராக. நில்லுங்க. கொஞ்சம் முன்னால். இப்போது வலது. யாருடைய உத்தரவையும் குறிப்பு எழுதாமல், விளக்கம் கேட்காமல் நான் நிறைவேற்றியது அதுவே முதல் தடவையாக இருக்கும். செல்வி மொபெட்டை நிறுத்திவிட்டுக் கூடவே நடந்து வந்தார். வேறு வேலை இல்லாமல் இல்லை, இதைவிட நல்ல வேலை இல்லை போலிருக்கிறது.

"நல்லா படிச்சவரு போல சாரு," என்றார் கயலிடம். "பொண்ணு பேச்ச கேக்குறாரே."

அதைக் கேட்டு நான் ஒரு கணம் கவனம் தப்பினேன். கரையோரம் ஈரமாக இருந்தது. இடது பின்சக்கரம் வழுக்கி வாய்க்கால் பக்கம் இறங்கியது, ஜீப் சாய்ந்தது. இம்தியாஸ் சொல்லிக் கொடுத்தபடி காலைத் தூக்கினேன். வண்டி அப்படியே நின்றது. கட்டைவிரல்கள் வளையத்துக்கு வெளியே இருந்தன என்பதில் மட்டும் ஒரு திருப்தி.

இம்தியாஸ் ஏரிக்கரையிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு, படவில்லை. வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு என் கதவைத் திறந்தார். "எறங்குங்க சார். ஒரே நிமிஷம். நான் எடுத்துட்றேன்."

நான் ஸ்டீயரிங்கை விடவில்லை. ஆனால் வண்டி அவருடையது. கவிழ்ந்தால் நஷ்டமும் அவருடையது. சட்டப்படி நான் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன்.

பின்னாலிருந்து கயலின் குரல் வந்தது. "பாய், நீங்க தொடாதீங்க. அவரே எடுப்பாரு."

இம்தியாஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். ஃபோர் லோவில் போடுங்க சார், மொதல்ல முன்னாடி வாங்க, அவசரம் வேணாம் என்றார். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் அந்தக் கியருக்கு மாற்றினேன். வண்டி முனகியபடி முன்னால் ஏறியது. பின்சக்கரம் மண்ணைக் கரண்டி கரண்டியாக அள்ளிக்கொண்டு மேலே வந்தது. நேராக்கினேன். மறுபடியும் ரிவர்ஸ். இடது. நேராக. நில்லுங்க. கயலின் குரல் கரகரக்கத் தொடங்கியபோது சவுக்குத் தோப்பு வந்துவிட்டது. டயரை மாற்றிக்கொண்டு வந்த ரியாஸ் அங்கே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

செல்வி அங்கிருந்தே திரும்பினார். போகுமுன், எந்த ஆபீஸ் சார் என்று கேட்டார். நில அளவை, ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன்.

"அதான பார்த்தேன். வேலையில கீறப்போ யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க." சற்று நின்று, "எழுதிப் போட்ர மாட்டியே?" என்றார்.

எழுதிப் போட இப்போது எனக்கு அதிகாரம் இல்லை, இருந்த காலத்தில் எழுதியதையும் யாரும் படித்ததில்லை என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

வலது பக்கத் தடத்தில், வரைபடத்தில் இல்லாத அந்தப் பாதையில், சிரமமே இல்லாமல் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாலை போட்ட வண்டிக்காரப் பையன் காத்திருக்காததற்கு மன்னிப்புக் கேட்டான். நானும் நிற்காததை இம்தியாஸிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த தடவை விதி சொல்லும்போது சாரை உதாரணமாகச் சொல்லுவேன் என்றார். அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

திரும்பும் வழியில் கிண்டியில் வண்டிகள் நகராமல் நின்றபோது கயல் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள். "பேசினபடி நீங்க முடிச்சிட்டீங்க. ஆனா அம்மா பக்கத்துல இருக்கும்போது நீங்க ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. கழுத்து சரியாகிற வரைக்கும்."

திருத்தம் நியாயமானது. அன்று மாலையே உட்கார்ந்து, அபிராமபுரத்திலிருந்து அடையாற்றுக்குப் போய்த் திரும்ப, ஓர் இடத்தில்கூட வண்டியைப் பின்னால் எடுக்கத் தேவையில்லாத வழியை வகுத்தேன். வாசலில் தெருவோரமாகவே, முகப்பு போகும் திசையைப் பார்க்க நிறுத்துவது. சிகிச்சை நிலையத்தின் சந்துக்குள் நுழையாமல், முனையில் கதவு நடைபாதைப் பக்கம் வரும்படி நிற்பது. திரும்பும்போது ஒரு தெருவைச் சுற்றிக்கொள்வது. தூரம் சற்று அதிகம், பெட்ரோலும் அதிகம், தூண் எதுவும் இல்லை. பத்மாவிடம் சொன்னேன். பெருமாளைப் பிரதட்சிணம் செய்வதுபோல என்னைச் சுற்றிக் கூட்டிப்போகப் போகிறீர்களா என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை போனோம். கதவை அகலத் திறந்தேன். அவள் உட்கார்ந்தாள், வலது காலை வைத்தாள், இடது காலை நான் வைத்தேன், தலைப்பைச் சரிசெய்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வண்டி அசையவில்லை.

சிகிச்சை நிலையத்துக்குக் கயல் முந்திக்கொண்டு போன் செய்து என் பெயரையும் பதிந்து வைத்திருந்தாள். பத்மாவின் கட்டிலுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அவள் எனக்கு இடது பக்கம், பின்னால் இருந்தாள். தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் இடது பக்கம் திருப்புங்க சார் என்றாள் சிகிச்சை அளிக்கும் பெண். திருப்பினேன். சுவர் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது.

"மூச்ச அடக்காதீங்க," என்றது பத்மாவின் குரல். இந்த இடத்தில் அவள் எனக்கு மூத்தவள். "எல்லாரும் முதல்ல அந்தத் தப்பத்தான் பண்ணுவாங்க."

மூச்சை விட்டேன். கட்டிலின் கால் தெரிந்தது. வலித்தது. இன்னும் கொஞ்சம் என்றாள் பத்மா. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த அவள் இடது கை தெரிந்தது. விரல்கள் முழுவதும் மடங்கவில்லை, ஆனால் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் என் பார்வைக்கு எட்டாமல் இன்னும் அந்தப் பக்கம் இருந்தது. இன்றைக்குப் போதும் சார் என்றாள் சிகிச்சைப் பெண். இன்னும் ஒரு தடவை என்றேன்.